விரலி போல உடைத்த டேலியா

என் கணவருக்குப் பேச்சு போய் ஐந்து மாதம் ஆனபோது அவருடைய டேலியாக் கிழங்குகளை நான் முளைக்கப் போட்டேன். பூ ஆசையில் போட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவருக்கு ஏதாவது புரிகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி தோன்றவில்லை. தெரிந்தே ஆகவேண்டிய நிலைமை. புரிகிறது என்றால் எப்படியாவது வீட்டிலேயே வைத்துக்கொள்வது, புரியவில்லை என்றால் நொய்டாவில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவது என்று நானும் மகனும் பேசி வைத்திருந்தோம்.

மார்ச் மாதம் ஒரு காலையில், பூவின் கனம் தாங்காமல் சாய்ந்த செடி ஒன்றுக்குக் குச்சி நட்டுக் கட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் காபி டம்ளரோடு கதவருகே நின்று, "வேட்டி அழுக்காகுதுங்க" என்று சொன்னேன். அந்த நாளில் நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது, "அது". பசித்தாலும் அது, வலித்தாலும் அது. ஒரு முறை சொல்லி நிறுத்த முடியாது, அது அது அது என்று வந்துகொண்டே இருக்கும். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சொல்வது எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு ஒரு வீட்டை எப்படி நடத்துவது என்று அவர் சொல்லவில்லை.

அதனால் நாங்களே ஒரு முறை வைத்துக்கொண்டோம். நாங்கள் என்றால் நானும், பகலில் உதவிக்கு வரும் பெண்ணும். அது என்றால் முதலில் தண்ணீர். தண்ணீர் இல்லையா, படுக்கையில் வைக்கும் பாத்திரம். அதுவும் இல்லையா, ஃபேனைக் கூட்டு அல்லது குறை. இந்த மூன்றில் ஒன்றில் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் தானாகக் களைத்துத் தூங்கிவிடுவார்.

அந்தப் பெண் முன்பு ஜங்புராவில் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் இருந்தாள். அங்கிருந்து மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கு அரை மணி நேரம். கேம்ப்பை இடித்தபின் நரேலாவுக்குப் போய்விட்டாள். இரண்டு பஸ்ஸும் ஒரு மெட்ரோவும் மாறி ஒன்பதரைக்கு வந்து சேரும்போதே ஒரு நாள் வேலையை முடித்தவளின் முகம் அவளுக்கு இருக்கும். நானோ அறுபத்தாறு வயதில் அறுபத்தெட்டு கிலோ மனிதரைப் புரட்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். இருவரும் டீ குடித்தபடி எதிரெதிரே கொட்டாவி விடுவோம். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

டேலியாவைப் பற்றி எனக்கு முப்பது வருஷமாக இருந்தது எரிச்சல்தான். லக்ஷ்மிபாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலேயே அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. டெல்லியில் டேலியா பிப்ரவரி, மார்ச்சில் பூக்கும். ஏப்ரல் வெயிலில் செடி காய்ந்ததும் கிழங்குக் கொத்தைத் தோண்டி எடுத்து, ஒரு வாளியில் காய்ந்த மணலைப் போட்டுப் புதைத்து வைப்பார். வீட்டிலேயே குளுமையான இடம் எங்கள் கட்டிலுக்கு அடியில்தான் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஊறுகாய் ஜாடி வைக்க இடமில்லாத வீட்டில் கோடை முழுக்க மணல் வாளி. ஆகஸ்ட் கடைசியில் வாளி வெளியே வரும். வெளியே இன்னும் மழை இருக்கும், தோட்டத்தில் வைத்தால் கிழங்கு அழுகிவிடும் என்று படுக்கையறை ஜன்னலோரம் தட்டுகளில் ஈர மணலும் தேங்காய் நாரும் பரப்பி, அதில் முளைக்க விடுவார். அக்டோபரில்தான் தரைக்குப் போகும்.

அந்த மூன்று வாரமும் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். ஆபீஸ் போகும் முன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தட்டுக்கு மேல் குனிந்து பார்ப்பார். வந்ததும் ஷூவைக் கழற்றாமல் பார்ப்பார். முதல் முளை தெரிந்த அன்று, "இங்க வந்து பாரேன், இங்க வந்து பாரேன்" என்று கூப்பிடுவார். "போன வருஷமே பாத்தாச்சுங்க" என்று சமையலறையிலிருந்து சொல்வேன். உண்மையில் எந்த வருஷமும் நான் போய்ப் பார்த்ததில்லை. ஆபீஸ், சமையல், மகனின் படிப்பு என்று எனக்கு வேலை இருந்தது. அவருக்கும் அதெல்லாம் இருந்தது, ஆனாலும் அவர் பார்த்தார்.

இந்த வருஷமும் ஏப்ரலில் செடிகள் காய்ந்தன. யார் சொல்லியும் இல்லை, வருஷா வருஷம் நடப்பதாயிற்றே என்று நானே நான்கு கொத்துகளைத் தோண்டி வாளியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இப்போது அந்தக் கட்டிலில் அவர் மட்டும்தான். ஆகஸ்ட் வந்தது. மகன் புனாவிலிருந்து ஃபோன் செய்தான். டெல்லியில் பிறந்து வளர்ந்தவன், அவன் தமிழ் எப்போதும் பாதி வழியில் ஹிந்திக்கு ரயில் மாறும்.

"மா, ஏக் பார் நீயே யோசி. அப்பாக்கு நீ யாருன்னே தெரியலன்னா, நீ ஏன் இவ்ளோ கஷ்டப்படணும்? அங்க நர்ஸ் இருக்காங்க, பிசியோ இருக்கு, சப் குச் இருக்கு."

"தெரியுதோ தெரியலயோ, எனக்கே தெரியலியேடா."

"தோ பதா கரோ ந, மா. கண்டுபிடி."

எப்படிக் கண்டுபிடிப்பது? பேரைச் சொன்னால் விழிப்பார், சில நாள் விழிக்கவும் மாட்டார். கையை அழுத்துங்கள் என்றால் சில நேரம் அழுத்துவார், சில நேரம் சும்மாவும் அழுத்துவார். அப்போதுதான் வாளி ஞாபகம் வந்தது. தட்டுகளைக் கட்டிலுக்கு நேர் எதிரே, ஜன்னலோரம் ஸ்டூலில் வைப்போம். முளை வரட்டும். முளையைப் பார்த்து அந்த முகத்தில் ஒரு அசைவு வந்தால் மனிதர் உள்ளே இருக்கிறார். வராவிட்டால் இல்லை. இதைவிடத் தெளிவான பரீட்சை எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் காலை, அந்தப் பெண் வந்து சேரும் முன், அவர் கட்டிலருகே ஹிந்தி நாளிதழை விரித்து வாளியைக் கவிழ்த்தேன். மணலோடு நான்கு கொத்துகள் விழுந்தன. நடுவில் காய்ந்த தண்டு, அதைச் சுற்றி விரல் விரலாகக் கிழங்குகள். பார்த்ததுமே எனக்கு ஒரு தெம்பு. கிழங்கு எனக்குத் தெரியாததா? ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விளைகிற வீட்டில் பிறந்தவள் நான். விதை மஞ்சளை விரலி விரலியாக உடைத்துத்தான் நடுவார்கள். விரல் நீளத் துண்டு போதும், தானே முளை விடும். இவர் பொம்மை மாதிரி கொத்தோடு கொத்தாக வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாரே, உடைத்துப் போட்டால் நான்கு செடி பதினான்கு செடி ஆகுமே என்று நினைத்தேன். அரிவாள்மணையைக் கொண்டுவந்து உட்கார்ந்தேன். காய்ந்த தண்டை அடியோடு வெட்டிக் குப்பைப் பையில் போட்டேன். விரல்களை ஒவ்வொன்றாக மடக் மடக் என்று உடைத்தேன்.

முதல் கொத்தை உடைத்ததுமே அவர் ஆரம்பித்தார். "அது. அது அது."

"இருங்க, கை பூரா மண்ணு" என்றேன்.

"அது அது அது!"

எழுந்து கை கழுவித் தண்ணீர் கொடுத்தேன். கன்னத்து வழியே வழிய விட்டார். துடைத்துவிட்டு வந்து இரண்டாவது கொத்தை எடுத்தேன். குரல் ஏறியது. மறுபடி எழுந்து, கை கழுவி, பாத்திரத்தை எடுத்துப் போர்வைக்குக் கீழே வைத்தேன். நல்ல கையால் அதைத் தள்ளிவிட்டார். அது தரையில் உருண்டு கிழங்குகளுக்கு நடுவே போய் நின்றது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு நிமிஷம்! ஒரே ஒரு நிமிஷம் ஒரு வேலைய நிம்மதியாப் பாக்க உடறீங்களா? உங்களுக்குத்தான பாத்துட்டு இருக்கறேன்!" என்று கத்தினேன். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு தெரியக் கத்திக்கொண்டேயிருந்தார். நான் ஃபேனைக் கூட்டிவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, மூன்றாவதையும் நான்காவதையும் உடைத்து முடித்தேன். கடைசித் தண்டை வெட்டிப் போட்டபோது சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். கன்னம் ஈரமாக இருந்தது. தண்ணீர் வழிந்த ஈரம் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன்.

பதினான்கு நல்ல விரல்கள் தேறின. இரண்டு தட்டுகளில் ஈர மணலில் பாதி புதைத்து வைத்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் நான் குனிந்து பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. கட்டிலைத் திருப்பிப் போட்டு, ஜன்னல் நேரே தெரியும்படி தலையணையை உயர்த்தினோம். கண்ணை மூடிக்கொண்டார்.

"சார் இன்னிக்கும் செவுத்தப் பாத்துகினுதாம்மா படுத்துகினு இருந்தாரு. தட்டுப் பக்கம் திரும்பவே மாட்றாரு" என்று அந்தப் பெண் சாயங்காலம் கிளம்பும்போது சொல்வாள். பரீட்சையைப் பற்றி அவளுக்கும் சொல்லியிருந்தேன்.

மூன்று வாரம் ஆயிற்று, முளை இல்லை. நான்காவது வாரம் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். அழுகவில்லை. கல் மாதிரி திடமாக இருந்தது. அடியில் வெள்ளை வேர்கூட விட்டிருந்தது. தலையில் மட்டும் ஒன்றுமில்லை. மறுபடி புதைத்தேன். ஐந்து வாரம் ஆயிற்று. மழை நின்று, காலையில் லேசான குளிர் வந்துவிட்டது. பக்கத்து வீடுகளில் சாமந்தித் தொட்டிகளை வெயிலுக்கு நகர்த்த ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டே மகனிடம் பேசினேன். கைக்கு வேலை இருந்ததால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலின் கால்மாட்டில் வைத்திருந்தேன்.

"அவருக்கு ஒண்ணும் தெரியலடா. முப்பது வருஷம் உசுரா வளத்த செடிய ஒரு தடவ திரும்பிப் பாக்கல. அதும் தெரியல, நானும் தெரியல. எங்க இருந்தாலும் அவருக்கு ஒண்ணுதான்."

"அச்சா மா. அப்ப நான் அவங்ககிட்ட பேசிடறேன்."

தசரா முடிந்த திங்கட்கிழமை முதியோர் இல்லத்திலிருந்து வண்டி வரும் என்று முடிவாயிற்று. நான் ஒரு பையை எடுத்து அவருடைய பைஜாமாக்களை வைத்தேன். மாத்திரைச் சீட்டு, பல் செட், மூக்குக் கண்ணாடி. அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. பெரிய நிம்மதி வந்தது. திங்கட்கிழமைக்கு அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தூங்கலாம் என்பதுதான் முதலில் தோன்றியது. பரீட்சையில் அவர் தோற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. தோற்றபோது வருத்தப்படவும் இல்லை.

சனிக்கிழமை தட்டுகளைக் காலி செய்ய எடுத்தேன். முப்பத்தைந்து வருஷம் அமைச்சகத்தில் கோப்பு பார்த்தவள், காரணம் எழுதாமல் எதையும் மூடிப் பழக்கமில்லை. அழுகாத கிழங்கு ஏன் முளைக்கவில்லை? ஒன்றை எடுத்துக் கேரி பேகில் போட்டுக்கொண்டு, இ-ரிக்‌ஷா பிடித்து, மெயின் ரோட்டோரம் இருக்கும் நர்சரிக்குப் போனேன். அங்கே தோட்ட வேலை பார்க்கும் மாலி நடுத்தர வயதுக்காரர். செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயை மடக்கிப் பிடித்தபடி கிழங்கை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"மாதாஜி, இஸ்கீ ஆங்க் கஹாங் ஹை?" என்றார். இதன் கண் எங்கே என்கிறார்.

கிழங்குக்குத்தான் கண் இருக்குமே, உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண்தானே என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் உள்ளே போய்த் தன்னிடமிருந்த ஒரு கொத்தைக் கொண்டுவந்து காட்டினார். டேலியாவுக்கு விரலில் கண் கிடையாது. பழைய தண்டின் அடியில், கழுத்தைச் சுற்றித்தான் முளை வரும். உடைக்கிறவர்கள் கத்தியால் தண்டையும் சேர்த்துப் பிளந்து, ஒவ்வொரு விரலோடும் கழுத்தில் ஒரு துண்டு வருகிற மாதிரி எடுக்க வேண்டும்.

"அந்தத் தண்டு எங்கே?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"வெட்டி எறிந்துவிட்டேன்."

அவர் கிழங்கை என் கையில் திருப்பித் தந்தார். "ஜிந்தா ஹை. ஹோலி தக் ஐசே ஹி ரஹேகா. பர் நிக்லேகா குச் நஹி." உயிர் இருக்கிறது, ஹோலி வரைகூட இப்படியே இருக்கும், ஆனால் ஒன்றும் வெளியே வராது. குழாயைத் திறக்கப் போனவர் நின்று, இது விவரம் தெரியாதவர் செய்த வேலை என்பது போல என்னைப் பார்த்துக் கேட்டார்: "வீட்டில் தெரிந்தவர் யாரும் இல்லையா? கிஸீ நே ரோகா நஹி?"

யாரும் தடுக்கவில்லையா?

"ரோகா தா" என்றேன். தடுத்தார்.

அதைச் சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அங்கே கவிழ்த்து வைத்திருந்த ஒரு சிமென்ட் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். தடுத்தாரே. முதல் கொத்திலிருந்து கடைசிக் கொத்து வரை, தொண்டை கிழியத் தடுத்தாரே. ஐந்து மாதத்துக்குப் பிறகு என் கணவர் என்னிடம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார், நான் போர்வைக்குக் கீழே பாத்திரத்தை வைத்தேன். அதன் பிறகு ஏன் அவர் தட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும்? முளைக்காது என்று அந்த வீட்டில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

மாலி ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு மகனுக்கு ஃபோன் செய்தேன்.

"திங்கக்கெழம வண்டி வேண்டாம்னு சொல்லிடு."

"க்யா ஹுவா, மா?"

"அப்பாவுக்கு எல்லாம் தெரியுதுடா. கெழங்க ஒடைக்காதன்னு அன்னிக்கே சொன்னாரு."

"அப்பா பேசினாரா?"

"பேசினாரு. நான்தான் கேக்கல."

அவன் நான் களைத்துப்போய் உளறுகிறேன் என்று நினைத்தான். கொஞ்சம் தூங்கிவிட்டுப் பேசு என்றான். சந்தோஷமாக வீடு திரும்பினேன் என்று எழுத ஆசை. சந்தோஷம் இருந்தது. அதோடு, போன தூக்கம் போனதுதான், நாளைக்கும் மறுநாளும் இதே புரட்டலும் துடைப்பும்தான் என்ற அலுப்பும் அதே வண்டியில் என்கூட வந்தது. இரண்டையும் சுமந்துகொண்டுதான் இறங்கினேன்.

அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அந்தப் பெண் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். நான் கட்டிலைச் சுற்றிப் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் இடையில் இருந்த இடுக்கில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இனி அவர் திரும்பிக்கொள்ள வேண்டுமென்றால் ஜன்னலைத்தான் பார்த்தாக வேண்டும். கேரி பேகிலிருந்து கிழங்கை எடுத்து நல்ல கையில் வைத்தேன்.

"இதுக்குத்தானுங்களா அன்னிக்கு அந்தக் கத்துக் கத்துனீங்க?"

கிழங்கைப் பார்த்தார். உடைந்த முனையில், கண் இருந்திருக்க வேண்டிய இடத்தில், கட்டைவிரலால் தேய்த்தார். ஒரு முறை, இன்னொரு முறை. பிறகு என்னைப் பார்த்தார். நேராகத்தான் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். உப்பு போட மறந்த சாம்பாருக்கும், நான் தொலைத்த வீட்டுச் சாவிக்கும் அந்தப் பார்வைதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது. கிழங்கு உடைந்தது புரிந்திருக்கிறது என்றால், மற்றதும் புரிந்திருக்கிறது. கால்மாட்டில் ஃபோனை வைத்துக்கொண்டு நான் பேசியது. எங்க இருந்தாலும் அவருக்கு ஒண்ணுதான் என்று சொன்னது. பைஜாமாக்களை மடித்துப் பையில் வைத்தது. அந்தப் பை இன்னும் அலமாரி ஓரத்தில், அவர் தலையைத் திருப்பினால் தெரியும் இடத்தில் இருந்தது. ஒரு வார்த்தை மறுக்க முடியாமல் அத்தனையையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

"ஃபோன்ல நான் பேசுனதெல்லாம் கேட்டீங்களா?" என்றேன்.

கிழங்கைப் போர்வை மேல் போட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கும்படிதான் பிடித்தார். "அது" என்றார். பிறகு அது அது அது என்று ஆரம்பித்தது. சத்தத்தில் அந்தப் பெண் திடுக்கிட்டு எழுந்து, பழக்கத்தில் தண்ணீர் டம்ளரை எடுத்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பாத்திரத்தை எடுக்கக் குனிந்தாள்.

"அது இல்லம்மா. என்னயத் திட்டிட்டு இருக்காரு. திட்டட்டும்" என்றேன்.

அவர் நீளமாகத் திட்டினார். குரல் ஏறியது, இறங்கியது, ஒரு இடத்தில் உடைந்தது, மறுபடி ஏறியது. ஒரு வார்த்தையும் எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் முடிக்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை.